மூன்றாம் ஓலை வாசிக்காத ஞாயிறு

என் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்குப் பிறகு பேனாவைப் பிடித்ததெல்லாம் மில்லில் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடத்தான். மறதியும் வந்துவிட்டது. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் இன்னொன்று நழுவிவிடுகிறது. நேற்று எழுதியதை இன்று படித்தால் எனக்கே பாதி விளங்கவில்லை.

கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைகள் படிப்பதற்கு எங்கள் சபையில் சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறார்கள். அதில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள் என்று ஆயரின் மனைவி இரண்டு மாதமாகக் கேட்கிறார். அவரை நாங்கள் ஆயரம்மா என்போம். பெண்கள் கூட்டத்தில் என்னை எழுந்து ஜெபம் பண்ணச் சொன்னால் பக்கத்தில் இருப்பவளைக் கையைக் காட்டிவிடுவேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட வாய்விட்டு ஜெபித்ததில்லை. எழுதுவது அதைவிடத் தேவலாம். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. யாருடைய பெயரும் இதில் போடவில்லை.

நான் சிங்காநல்லூரில் ஒரு லைன் வீட்டில் தனியாக இருக்கிறேன், வீட்டுக்காரர் இறந்துவிட்டார், பிள்ளை வெளியூரில். ஆறு வீடு, ஒரு குழாய். மில் மூடிய பிறகு அங்கே இங்கே வேலை பார்த்தேன். இப்போது சனிக்கிழமை தோறும் ஆலயத்தைக் கூட்டிப் பெஞ்சு துடைக்கிறேன். கடைசி பெஞ்சு வரைக்கும் துடைத்து முடிக்கும்போது முட்டி இரண்டும் தீயாக எரியும். வீட்டுக்கு வந்து ஒரு தம்ளர் காப்பி போட்டுக் குடிக்கக்கூட எழுந்திருக்க முடியாது.

நான்காம் வீட்டில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். தாய் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறவள். மகள் உக்கடத்தில் ஒரு பாத்திரக் கடையில் பில் போடுகிற வேலைக்குப் போய்வந்தாள். கடை முதலாளி ஒரு பாய். ஆறு மணி அடித்தால் போதும், பெண்பிள்ளைகளை முதலில் பஸ் ஏற அனுப்பிவிடுவாராம். அந்தப் பெண் நல்ல பெண். என்னைப் பெரியம்மா என்பாள். நான் யாரிடமும் எதையும் சொல்ல மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் என்னிடம் வந்தாள் என்று நினைக்கிறேன்.

அவளுக்கு எங்கள் சபையிலேயே ஒரு பையன்மேல் பிரியம். அவன் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பட்டறையில் மெஷின் ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்குழுவில் கீபோர்டு வாசிப்பான். கண்ணை மூடிக்கொண்டு அவன் வாசிக்கும்போது கிழவிகள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொள்வோம். அவனுடைய அம்மாதான் பெண்கள் கூட்டத்தில் பாட்டு எடுத்துக்கொடுப்பவர். இரண்டு வீட்டிலும் பேசி, கல்யாணம் செய்வதென்று முடிவாகியிருந்த சமயம் அது.

ஒருநாள் சாயங்காலம் அந்தப் பெண் வந்து என் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க பெரியம்மா, வேலையா இருக்கறீங்களா?"

"என்ன வேலை, இந்தப் பருப்பைப் பொடைக்கறதுதான். வா கண்ணு."

கொஞ்ச நேரம் பருப்பில் கல் பொறுக்கினாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள். "அவரு என்ற போனை வாங்கிப் பாக்கறாருங்க. பாத்துட்டுப் போகட்டும், அதுல என்ன இருக்குது. ஆனா கடையில இருந்து யாராச்சும் ஆம்பளைப் பசங்க கூப்பிட்டிருந்தா கையைப் புடிச்சு முறுக்கறாரு."

"முறுக்கறதுன்னா?"

"வெளையாட்டு மாதிரித்தானுங்க ஆரம்பிக்கும்."

இன்னும் சொன்னாள். அவள் எங்கே இருக்கிறாள் என்பது அவனுடைய போனில் ஒரு புள்ளியாகத் தெரியுமாம். அதை அணைக்கக் கூடாதாம். பஸ் உக்கடத்தில் மாட்டிக்கொண்டு புள்ளி நகராமல் நின்றால் எட்டுத் தடவை கூப்பிடுவானாம்.

"போன வாரம் பஸ் ஸ்டாண்டுல வெச்சு ஒண்ணு போட்டுட்டாருங்க. கன்னத்துல. போட்டுட்டு அவரே அழுதுட்டாரு பெரியம்மா. என்ற காலைப் புடிச்சுட்டாரு. அப்பறம் பாதாம் பால் வாங்கிக் குடுத்தாரு."

பாதாம் பாலைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதைப் பார்த்தும் நான் பருப்பைப் புடைத்துக்கொண்டே இருந்தேன்.

"உங்கம்மாகிட்டச் சொன்னியா?"

"சொன்னா கல்யாணத்தை நிறுத்திப்போடுமுங்க. நீங்க ஒரு சீட்டு எடுத்துப் பாருங்க பெரியம்மா. ஆண்டவரு என்ன சொல்றாருன்னு தெரிஞ்சா போதும், அப்படியே நடந்துக்கறேன்."

வாக்குத்தத்தச் சீட்டைத்தான் சொன்னாள். எங்கள் வீடுகளில் பாதிக்கு மேல் அந்தப் பெட்டி இருக்கும். சின்னச் சின்ன அட்டையில் ஒவ்வொரு வசனம் அச்சடித்திருக்கும். புது வருஷத்துக்கு ஆளுக்கு ஒன்று எடுப்போம். நான் அதோடு நிற்கவில்லை. எதற்கெடுத்தாலும் சீட்டு எடுக்கிற பழக்கம் எனக்கு. கடவாய்ப் பல்லைப் பிடுங்கலாமா வேண்டாமா என்பதற்கும் எடுத்திருக்கிறேன்.

கண்ணை மூடி எடுத்தேன். அன்பு எல்லாவற்றையும் தாங்கும், சகிக்கும் என்கிற வசனம் வந்தது.

அவள் அந்த அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அவள் கேட்டாள். "உங்க ஊட்டுக்காரரு எப்படிங்க இருந்தாரு?"

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். சீட்டு எடுத்ததைவிட இதுதான் பெரிய தப்பு.

"என்ற ஊட்டுக்காரரும் மொதல்ல கை நீட்டறவருதான் கண்ணு. கொழந்தை பொறந்ததும் அப்படியே மாறிப்போட்டாரு. நீயும் பொறுத்துக்கோ, வெசனப்படாத."

அவர் மாறவில்லை. பிரசவமாகி மூன்றாம் மாதம் என்னை இடுப்பில் உதைத்தார். அந்த வலி இன்றைக்கும் குனிந்து பெஞ்சு துடைக்கும்போது வருகிறது. கடைசி நான்கு வருஷம் வாதம் வந்து அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. கை விழுந்த பிறகுதான் அடி நின்றது. அவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, நான்தான் பார்த்துக்கொண்டேன். அவர் இறந்த அன்று அப்போதிருந்த ஆயர், மனந்திரும்பிச் சாந்தமான மனிதர் என்று சொல்லி அடக்கம் செய்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். அதன் பிறகு யார் கேட்டாலும் அதையே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. நான் யாரை ஏமாற்றினேன்? செத்தவரைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னால் யாருக்கு நஷ்டம் என்றுதான் இருந்தேன்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று ஆயர் அறிவிப்பார். மூன்றும் முடிந்தால்தான் கல்யாணம். யாரும் எழுந்து ஒரு தடை சொல்லி நான் பார்த்ததில்லை. வாசித்து முடித்ததும் அடுத்து ஓய்வுநாள் பள்ளிப் போட்டி, காணிக்கை என்று அறிவிப்புப் போய்க்கொண்டே இருக்கும்.

இவர்களுடைய முதல் ஓலை வாசித்த அன்று ஆராதனை முடிந்து வெளியே டீ கொடுத்தார்கள். பையன் அவளோடு நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டான்.

"என்னுங்க பெரியம்மா, புள்ள பொறந்தா நான் பசுமாடாட்டம் ஆயிருவேனாமா? நீங்க சொன்னீங்கன்னு இவ சொல்றா."

அவனுடைய அம்மா உடனே எடுத்துக் கொடுத்தார். "அதுவரைக்கும் கொஞ்சம் முட்டத்தான் செய்யும். கயித்தை இறுக்கிப் புடிச்சுக்கோ அம்மணி!"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நானும்தான் சிரித்தேன். டீ வாயில் வைக்க முடியவில்லை. என் பொய்யை அவன் கையில் கொடுத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இனிமேல் அவன் அடித்தால், பெரியம்மாவே சொல்லியிருக்கிறார்கள், பிறகு சரியாகிவிடும் என்று அடிப்பான்.

அந்த வாரம் வியாழக்கிழமை குழாயில் தண்ணீர் வந்தது. அவள் குடத்தை இடது கையால் தூக்கினாள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"என்ன கண்ணு கையில?"

"கதவு இடுக்குல மாட்டிப்போச்சுங்க."

நான்கு விரல் வரிசையாகப் பதிந்திருந்தது. கதவுக்கு விரல் கிடையாது. குடத்தை நான் வாங்கிக் கொண்டுபோய் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு அவள் கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஆயர் சொன்னபோது நான் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். தடை என்றால் ஏற்கெனவே கல்யாணம் ஆனவன், முறை தவறிய உறவு, இப்படித்தான் எனக்குத் தெரியும். அடிப்பது தடையில் சேருமா? யாரிடம் கேட்பது? எழுந்து நின்றால் இருநூறு முகம் திரும்பும். உட்கார்ந்தே இருந்தேன். கீபோர்டு சத்தம் எழும்பியது, எல்லோரும் பாட ஆரம்பித்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை ஆலயத்தில் நான் மட்டும் இருந்தேன். கூட்டி முடித்து, வேதம் வாசிக்கிற மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சீட்டின் மூலையில் எந்த அதிகாரம் என்று அச்சடித்திருந்தது, அந்த எண் எனக்கு மனப்பாடம். துடைக்கிற துணியைக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தைத் தேடி எடுத்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். விரலை வைத்து மேலே இருந்து படித்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

தாங்கும் என்கிற வரி ஒரு வரிசையின் கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால், அன்பு என்றால் எப்படி இருக்கும், என்னவெல்லாம் செய்யாது என்று வரிசையாக இருக்கிறது. தயவாக இருக்கும், சினம் கொள்ளாது, தன் காரியத்தையே பார்க்காது என்றெல்லாம் வருகிறது. அந்தச் சீட்டில் கடைசி வரியை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டிருந்தார்கள். நான் அதை அவளுக்கு மட்டும் கொடுத்தேன். மேலே இருப்பதை அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை. இன்னும் ஒன்று இருந்தது. அன்பு அநியாயத்தைக் கண்டு சந்தோஷப்படாது, உண்மையில்தான் சந்தோஷப்படும் என்பது. அந்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அசதியாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். கல்யாணப் பத்திரிகை உறைகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். தாய் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை.

"கண்ணு, உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"உக்காருங்க பெரியம்மா. சொல்லுங்க."

"என்ற ஊட்டுக்காரரு மாறலை."

"என்னுங்க?"

"அடிக்கறதை நிறுத்தலை. கொழந்தை பொறந்தப்பறமும் அடிச்சாரு. வாதம் வந்து கை உழுந்துச்சு, அதனால நின்னுச்சு. அவ்வளவுதான்."

பேனாவைக் கீழே வைத்தாள். "அப்பறம் எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?"

"வெக்கமா இருந்துச்சு."

"உங்களுக்கு வெக்கம்னா, அதுக்கு என்னைய ஏனுங்க தலையை நீட்டச் சொன்னீங்க?"

எழுதியிருந்த உறைகளை ஒதுக்கித் தள்ளினாள்.

"சீட்டு வந்துச்சே?" என்றாள்.

"சீட்டுல ஒரு வரிதான் இருக்குது கண்ணு. அதுக்கு மேல நெறைய இருக்குது. நான் இன்னைக்குத்தான் படிச்சேன்."

என் வேதத்தில் அந்தப் பக்கத்துக்கு அடையாளமாக ஒரு நூல் துண்டு வைத்துக் கொண்டுபோயிருந்தேன். நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "என்கிட்டயும் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்க் கதவருகில் நின்றாள். நான் வெளியே வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது ஆயரம்மா சொல்லித் தெரியும். தாய் வந்ததும் அவளிடம் கையைக் காட்டியிருக்கிறாள். இரண்டு பேருமாக அப்போதே ஆயர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நாளைக்கு ஓலை வாசிக்க வேண்டாம் என்று அவளேதான் சொல்லியிருக்கிறாள். யாராவது உன்னைச் சொல்லச் சொன்னார்களா என்று ஆயர் கேட்டாராம். "இல்லீங்க ஐயா. எனக்கு அவரைக் கண்டா பயமா இருக்குதுங்க. பிரியமும் இருக்குது. ரெண்டும் இருக்குது" என்றாளாம். அப்படியானால் வாசிப்பதற்கில்லை என்று ஆயர் அந்தத் தாளை எடுத்து உள்ளே வைத்துவிட்டாராம். அன்று இரவே பையன் வீட்டுக்கும் போய்ச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வேறு ஒரு ஜோடிக்கு ஓலை வாசித்தார்கள். இவர்களுடையது வரவில்லை. எல்லாப் பெஞ்சிலும் தலை திரும்பியது. பையன் கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான், ஆனால் கடைசிப் பாட்டுக்கு அவன் கை எழும்பவில்லை. பாட்டை வெறும் வாயாலேயே பாடி முடித்தோம்.

திங்கட்கிழமை காலையில் அவனுடைய அம்மா என் வாசலில் வந்து நின்றார். சனிக்கிழமை நான் அந்தப் பெண் வீட்டுக்குப் போய்வந்ததை லைனில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"ஏனுங், சர்ச்சைக் கூட்டறது பத்தலைன்னு என்ற பையன் கல்யாணத்தையும் சேத்துக் கூட்டித் தள்ளிப்போட்டீங்களாக்கு?"

லைன் முழுக்க எட்டிப் பார்த்தது.

"வாயத் தொறக்காத பூச்சின்னு நெனச்சேன். நீங்க பொழைக்கலையா உங்க ஊட்டுக்காரருகிட்ட? செத்தா போயிட்டீங்க?"

"பாதி செத்துத்தானுங்க போனேன்" என்றேன்.

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று தெரியவில்லை. என் வாழ்க்கையில் யாருக்கும் அப்படித் திருப்பிச் சொன்னதில்லை. அந்த அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "நாங்கூடத்தான் பொழைச்சேன்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு சேலையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். இன்றைக்கும் பெண்கள் கூட்டத்தில் அவர் எனக்கு எதிர்ப்பக்கம்தான் உட்காருவார்.

பையனை ஆயர் தள்ளிவிடவில்லை. ஒரு வருஷம் சனிக்கிழமை தோறும் வந்து என்னோடு உட்கார், அவளைப் பின்தொடராதே, அவள் போனிலிருந்து உன் கையை எடு, பிறகு அவளாக விரும்பினால் முதல் ஓலையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார். நான்கு சனிக்கிழமை வந்தான். சீக்கிரம் வந்துவிட்டால், நான் துடைப்பதற்கு வசதியாகப் பெஞ்சை நகர்த்தித் தருவான். பேச மாட்டான். ஒரே ஒரு நாள் கேட்டான்.

"அவ நல்லா இருக்கறாளா பெரியம்மா?"

"அதை என்கிட்டக் கேக்காத சாமி" என்றேன். அவன் முகம் சின்னப் பிள்ளை முகம் போல ஆகிவிட்டது. அவனை வெறுக்க என்னால் முடியவில்லை. அவன் தகப்பன் கையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைதானே. ஐந்தாம் சனிக்கிழமை வரவில்லை. ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அந்தப் பெண் இளைத்துவிட்டாள். ஆறு மணிக்குக் கடை விட்டதும் அவன் கூப்பிட்டானா என்று போனை எடுத்துப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை என்கிறாள். ஓலை நின்றுபோன பெண் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவளுடைய தாய் நான்கு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலிலேயே தெரிந்தும் சொல்லவில்லையே என்று அவளுக்கு ஆத்திரம். நியாயம்தான். அப்புறம் வேறு பகுதியில் வீடு பார்த்துப் போய்விட்டார்கள். இதை எழுதலாமா என்று கேட்கப் போனபோது அந்தப் பெண் சொன்னாள்: "உங்க மேல கோவம் இன்னும் போகலைங்க பெரியம்மா. ஆனா எழுதுங்க. உங்க ஊட்டுக்காரரைப் பத்தியும் எழுதுங்க."

அதனால் எழுதினேன்.

இதைப் படிக்கிற பிள்ளைகளே, எனக்குப் புத்தி சொல்லத் தெரியாது. சீட்டை எடுத்து முடிவு செய்யாதீர்கள். முழு அதிகாரத்தையும் இரண்டு பேருமாக உட்கார்ந்து படியுங்கள். பொறுத்துக்கொள் என்று என்னைப் போல ஒரு பெரிய மனுஷி சொன்னால், நீங்கள் எதைப் பொறுத்தீர்கள், அது எப்படி முடிந்தது என்று கேட்டுவிடுங்கள். மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். கேட்டிருந்தால் நானே உடைந்துபோய் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

ஆயரம்மா, அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அந்தப் பெண்ணிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்த்துவிடுங்கள். வீங்கியது வலது கை என்று எழுதியிருக்கிறேன், இடதாக இருந்தால் மாற்றிவிடுங்கள். முக்கியமாக நாட்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அவள் கையைப் பார்த்து இரண்டே நாளில் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். பிறகு விரல்விட்டு எண்ணினேன். வியாழனிலிருந்து அடுத்த வாரச் சனி வரை ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். அதற்கு மேலும் இருந்தது என்று அவள் சொன்னால், அவள் சொல்கிற கணக்கையே போட்டுவிடுங்கள்.